கட்டுச்சோத்துல ஒரு வாய்

அந்தக் கவரை மடக்காதீங்க தம்பி. மடியில வெச்சா மடங்கத்தான் செய்யும். இக்கட்ட குடுங்க, சன்னலோரமா நிறுத்தி வெச்சுக்கலாம். ஸ்கேன் படத்துல கோடு விழுந்துருச்சுன்னா மறுக்கா எடுத்துட்டு வான்னு தொரத்திருவாங்க. எனக்குத் தெரியுமுங்க. இதே மாதிரி ஒரு கவரைத் தூக்கிட்டு, இதே சத்தியமங்கலம் பஸ்ல கோயமுத்தூருக்குப் போயிட்டு வந்தவந்தான் நானும்.

முன்னாடி லேடீஸ் சீட்டுல பச்சைச் சேலை கட்டிட்டு சாஞ்சிருக்கறாங்களே, அவங்க உங்க சம்சாரமுங்களா? அப்பக் கவரு அவங்களுதுதான். கேக்கறனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க, எந்த எடத்துலீங்க? ம். நெஞ்சுலதாங்களா. சரி, சரி. ஆப்பரேசனுக்குத் தேதி குடுத்துட்டாங்களா? நாளன்னிக்கா. ம்.

ஒண்ணு சொல்றனுங்க, கேட்டுட்டு அப்பறம் உங்க இஷ்டம். எங்கிட்ட ஒரு வைத்தியரு நம்பர் இருக்குதுங்க. இலைச்சாறுதான் குடுப்பாரு, கத்தியே வெக்க மாட்டாரு. எழுதித் தர்றேன், பேனா இருக்குதுங்களா? இல்லையா. பரவால்லீங்க, எறங்கறதுக்குள்ள தர்றேன். மொதல்ல விசயத்தைச் சொல்லிப்போடறேன்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. கரண்டாபீஸ்ல லைன்மேனா இருந்தேன். முப்பத்தியொரு வருசம் கம்பம் ஏறுனதுல மொழங்காலு ரெண்டும் போச்சு. எதுக்குச் சொல்றேன்னா, ஒரு ஊருக்கே கரண்டு போச்சுன்னா ஃபால்ட்டு எங்க இருக்குதுன்னு கம்பங் கம்பமாப் பாத்துட்டே போகோணுமுங்க. மழையா இருந்தாலும் சரி. ஒரு கம்பத்தை உட்டாலும் அதுலதான் இருக்கும். அந்தப் பழக்கம் எனக்கு ஊட்டுக்குள்ளயும் வந்துருச்சு. ஒரு டம்ளரு உடைஞ்சாக்கூட யாரு எடுத்தா, எங்க வெச்சான்னு கேக்காம உட மாட்டேன். எங்க ஊட்டுல சொல்லுவா, 'உடைஞ்சது உடைஞ்சு போச்சு, கூட்டி அள்ளுனா ஆச்சு, உடுங்களேன்'னு. உட மாட்டனுங்க.

அவ பேரு சவுந்திரம். என்ற ஊட்டுக்காரி.

மூணு வருசத்துக்கு மொத ஆடியில, குளிக்கறப்பக் கையில ஏதோ தட்டுப்படுதுன்னா. எங்கிட்டச் சொல்றதுக்கே ரெண்டு வாரம் ஆயிருக்குது. கல்யாணமாகி முப்பத்திரெண்டு வருசம், எங்கிட்டச் சொல்ல என்னங்க வெக்கம்? அப்பறம் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனேன். பெரிய ஆஸ்பத்திரி. பொம்பளை டாக்டரு, சின்ன வயசு. படமெல்லாம் எடுத்து, ஊசி வெச்சு சதை எடுத்துப் பாத்துட்டு, எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுச் சொன்னாங்க. 'கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்குதுங்கய்யா. வேற எங்கயும் போகலை. இப்பவே எடுத்துட்டா ஒண்ணுமில்லை'ன்னு. ஆவணியில ஒரு வியாழக்கிழமை தேதி குடுத்தாங்க. அன்னிக்கு வீட்டுக்காரரு வந்து கையெழுத்துப் போடோணும்னாங்க.

சவுந்திரம் ஊட்டுக்கு வந்ததுமே ஒரு பையெடுத்து எல்லாம் ரெடி பண்ணிட்டா. புதுத் துண்டு ரெண்டு, ஒரு டம்ளரு, சீப்பு, வெந்நித் தண்ணிக்கு ஃபிளாஸ்க்கு. கட்டல் மேல அந்தப் பை ஒரு வாரம் உக்காந்திருந்துச்சு. போறப்ப வரப்பத் தொட்டுப் பாத்துக்குவா.

அப்பத்தான் எங்க ஃபோர்மேன் வந்தாரு. பழைய ஃபோர்மேன், நல்ல மனுசன். 'நாச்சிமுத்து, கத்தி பட்டா பரவிப் போயிரும்டா, எம் மச்சினிச்சிக்கு அப்புடித்தான் ஆச்சு'ன்னாரு. செல்போன்ல ஒரு வீடியோவும் காட்டுனாரு. அதுல ஒருத்தரு கோட்டு சூட்டுப் போட்டுட்டு, பச்சை இலையைக் கையில புடிச்சுட்டு, ஆஸ்பத்திரிக்காரனுக இதையெல்லாம் மறைக்கறானுகன்னு பேசுனாரு. சரி, கேட்டுப் பாக்கறதுல என்ன வந்துச்சுன்னு மலையடிவாரத்துல அந்த வைத்தியரைப் போயிப் பாத்தோம். நாங்க ஐயான்னுதான் சொல்லுவோம். வெள்ளை வேட்டி, சத்தமே வராத பேச்சு. நாடியைப் புடிச்சுப் பாத்துட்டு, 'இது குளவிக்கூடு மாதிரி. சும்மா இருக்கறதைக் கலைச்சுப்புட்டா ஒடம்பெல்லாம் பறக்கும். நீங்க கலைச்சுட்டு வந்தா நான் பாக்க மாட்டேன். கலைக்காம வந்தாப் பாக்கறேன்'னாரு.

நெம்பத் தெளிவாத்தானுங்க இருந்துச்சு அவரு சொன்னது. அந்த டாக்டரு சொன்னதுல பாதி எனக்குப் புரியலை. இது புரிஞ்சுது.

'என்ன புள்ள சொல்ற?'ன்னு சவுந்திரத்தைக் கேட்டேன். கேக்காம ஒண்ணும் பண்ணலைங்க நானு. 'உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைப் பண்ணுங்க'ன்னா. அப்ப ரெண்டு பேரும் சேந்து எடுத்த முடிவுதானுங்களே அது? நான் அந்தப் பையை எடுத்துப் பரண் மேல வெச்சுட்டேன்.

புளியம்பட்டி வந்துருச்சு பாருங்க. இன்னைக்குச் சந்தையாட்ட இருக்குது, கூட்டம் ஏறும். சித்த இக்கட்ட தள்ளி உக்காருங்க.

மருந்து என்னன்னா முள்சீத்தா இலை. வெடியால சூரியன் மொளைக்கறதுக்கு மொத பறிக்கோணும். மிக்ஸியில போடக்கூடாது, சூட்டுல சத்துச் செத்துருமாம், இரும்பும் படக்கூடாது. அம்மியிலதான் அரைக்கோணும். வெறும் வயித்துல ஒரு டம்ளரு. அப்பறம் பத்தியம். உப்பு ஆகாது, புளி ஆகாது, சக்கரை, பாலு, காபி ஒண்ணும் ஆகாது. பத்தியந்தான் மருந்து, இலை சும்மா தொணைக்குன்னு ஐயா சொன்னாரு. அதை நான் காலண்டர் அட்டையில எழுதி அடுப்புக்கு நேரா மாட்டி வெச்சேன். மரக்கண்ணும் ஒண்ணு வாங்கியாந்து கொல்லையில நட்டேன். அது தழைக்கற வரைக்கும் தோட்டந் தோட்டமாப் போயி இலை கொண்டாந்தது நாந்தான்.

நாலரைக்கெல்லாம் எந்திரிச்சுருவா. அம்மியில அரைக்கற சத்தத்துலதான் எனக்கு முழிப்பு வரும். அரைச்சு, துணியில புழிஞ்சு, நின்னுட்டே குடிச்சுப்போட்டு, அப்பறம் எனக்குக் காபி வெச்சுக் குடுப்பா. நான் ஒருநாளும் அவ எதுருல குடிச்சதில்லீங்க. வாசலுக்குக் கொண்டு போயித்தான் குடிப்பேன். அவளுக்கு ஆசை வந்துரக் கூடாது பாருங்க. காபின்னா அவளுக்கு உசுரு.

மதியத்துக்கு எனக்குக் கொழம்பு வெப்பா, அவளுக்கு உப்பில்லாத ராகிக் கஞ்சி. எனக்கும் பத்தியச் சோறே போதும்னு சொல்லிப் பாத்தேன், ரெண்டு நாளு. 'நீங்க எதுக்குங்க'ன்னா. அவளே சொன்னதுக்கு அப்பறம் நான் என்ன பண்றது?

ஐப்பசியிலயே எடை கொறைஞ்சுது. நான் பயந்து போயி ஃபோன் பண்ணுனேன். கெட்ட நீரு வெளியேறுதுன்னாரு ஐயா. கார்த்திகையில கட்டி உடைஞ்சு புண்ணாச்சு. உள்ள இருக்கறது வெளிய வந்தா நல்லதுதானேன்னாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. வாடை வந்துச்சு. மறைக்க மாட்டேன், வந்துச்சு. வேப்பந்தழையைக் கொண்டாந்து கட்டலைச் சுத்திப் போட்டேன். வலது கை வீங்கிப் போச்சு, அப்பறம் எடது கையில அரைச்சா. அதுக்கு நேரம் புடிக்குமுங்களே, அதனால நாலு மணிக்கே எந்திரிக்க ஆரம்பிச்சா.

எங்களுக்கு ஒரே புள்ளை, பிரவீணா. அன்னூருல கட்டிக் குடுத்திருக்குது. அந்த வருசந்தான் முழுகாம இருந்துச்சு. மார்கழியில ஒருக்கா வந்து அம்மாளைப் பாத்துட்டு, அடுப்படியில நின்னு அழுதுச்சு. 'அப்பா, நான் டாக்டர்கிட்டப் பேசிட்டேன். இப்பக்கூட வாங்கன்னுதான் சொல்றாங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போலாம்ப்பா'ன்னுச்சு. பத்தியத்துல இருக்கறப்ப ஊசி போட்டா அத்தனையும் முறிஞ்சுரும் கண்ணுன்னேன். பொசுக்குன்னு எங்கால்ல உழுந்துருச்சு, வயித்துல புள்ளையோட. நான் பதறிப் போயிட்டேன். 'எந்திரி சாமி, வயித்துல இருக்கறதுக்கு ஆகாது'ன்னு தூக்கி உட்டேன். அந்தளவுக்கு அதும்மேல எனக்குப் பாசமுங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ஃபால்ட்டு எங்கேன்னு சொல்றேன்.

தை மாசம் கட்டுச்சோறு. நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை, புள்ளைக்கு ஏழாம் மாசம் பொறந்த ஊட்டுல நாலு தினுசு சோறு ஆக்கிக் கட்டிட்டு, சம்பந்தி ஊட்டுக்குப் போயிப் போடோணும். சமையக்காரரைச் சொல்லலாம்னேன். சவுந்திரம் கேக்கலை. புளிச்சோறு மட்டும் எங்கையாலதான் பண்ணுவேன்னு ஒரே புடி. அவ புளிச்சோறுன்னா எங்க சொந்தத்துல எல்லாருக்கும் தெரியும். புளியைக் காச்சறப்ப மூக்குல துண்டைக் கட்டிட்டாளுங்க. வாசத்துக்கு நாக்குல தண்ணி ஊறுனாலும் பத்தியம் போயிருமோன்னு அவளுக்கும் பயம். 'உப்புப் பாருங்க'ன்னு என்ற உள்ளங்கையில ரெண்டு பருக்கை வெச்சா. பாத்தேன். சரியா இருந்துச்சு.

அன்னூருக்குக் காரு வெச்சுப் போனோம். சேலையை நல்லா இழுத்துப் போத்திட்டு, செண்டு அடிச்சுக்கிட்டு, ஒரு ஓரமாச் சேருல உக்காந்துட்டா. எல்லாரும் வளையல் போட்டு முடிச்சாங்க. இலையில சோறு வெச்சாங்க. பிரவீணா எந்திரிச்சு, தட்டுல கொஞ்சம் புளிச்சோத்தை எடுத்துட்டு நேரா அம்மாகிட்ட வந்துருச்சு. 'நீ ஒரு வாய் சாப்புட்டாத்தாம்மா நான் கை வெப்பேன்'ன்னுச்சு.

சவுந்திரம் என்னையப் பாத்தா. நான் வேண்டாம்னு தலையை ஆட்டுனேன். நல்லாத் தெரியற மாதிரித்தான் ஆட்டுனேன். அவ வாயைத் தொறந்துட்டா.

கண்ணை மூடிட்டு மென்னா தம்பி. அந்த ஒரு வாயை எத்தனை நேரம் மென்னான்னு நெனைக்கறீங்க. அஞ்சு மாசமா உப்புப் படாத நாக்குங்க. முழுங்கிட்டு, 'இன்னொரு வாய் குடு கண்ணு'ன்னா. சிரிச்சா. அதுக்குள்ள நான் போயித் தட்டைப் புடுங்கிட்டேன். கொஞ்சம் சோறு அவ மடியில சிந்திருச்சு. நூறு பேரு பாத்துட்டு இருந்தாங்க. எனக்கு அந்த நேரத்துல யாரு பாத்தா என்ன, அவ பொழைக்கோணுமில்லீங்களா?

அவ மடியில உழுந்ததைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டுல போட்டா. ஒண்ணுகூட வாயில வெக்கலை.

அவ்வளவுதான். அதுக்கப்பறம் ஒடம்பு நிக்கலை. மாசியில ஒருநாளு, 'பரண் மேல இருக்கற பையைச் சித்த எறக்குங்களேன்'ன்னா. எறக்கிக் குடுத்தேன். தூசியெல்லாந் தொடைச்சுக் கட்டலுக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டா. புள்ளை பிரசவத்துக்கு எடுத்துட்டுப் போறதுக்குன்னு நெனச்சுக்கிட்டேன். பிரசவம் பங்குனியில ஆச்சு, பொம்பளைப் புள்ளை. கொண்டாந்து பக்கத்துல படுக்க வெச்சாங்க, தூக்கறதுக்குக் கையில தெம்பில்லை அவளுக்கு. அந்தப் பை அங்கயேதான் இருந்துச்சு. சித்திரை ஆறாந்தேதி போயிட்டா.

கடைசி வாரத்துல காபி கேட்டா. நான் குடுக்கலை. இப்ப நெனச்சா, பத்தியந்தான் தையிலயே முறிஞ்சு போச்சே, அப்பறம் காபி குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன? குடுத்திருக்கலாமுங்க. எனக்கு நெஞ்சுல முள்ளா நிக்கறது அது ஒண்ணுதான். வேற ஒண்ணுலயும் நான் தப்புப் பண்ணலை.

காரியம் முடியறதுக்கு மொதலே ஐயாவுக்கு ஃபோன் போட்டேன். தகவல் சொல்லோணுமில்லீங்களா? எடுத்ததும் அவரு கேட்டது ஒரே கேள்விதான். 'நடுவுல பத்தியம் முறிஞ்சுதா?' கட்டுச்சோத்துல ஒரு வாய் புளிச்சோறுங்கய்யான்னேன். 'ஒரு வாயோ ஒம்பது வாயோ, அதுக்கு மேல என்னால என்ன பண்ண முடியும்'னு வெச்சுட்டாரு. சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கு அன்னிக்கு லேசாப் போச்சு. கம்பங் கம்பமாப் பாத்துட்டே வந்து கடைசியில ஃபால்ட்டு கெடைச்ச மாதிரி.

அதை நான் மனசுல வெச்சிருந்திருக்கலாம். மூணாம் நாளு, எல்லாரும் உக்காந்திருக்கறப்ப, பிரவீணா ஒரு ஓரத்துல புள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருந்துச்சு. 'நீ ஊட்டுன ஒரு வாய்தான் உங்கம்மாளைக் கொண்டு போயிருச்சு'ன்னு சொல்லிப்போட்டேன். கோவத்துல சொல்லலீங்க. சாவகாசமாத்தான் சொன்னேன், தெரிஞ்சுக்கட்டும்னு.

அது எந்திரிச்சுது. புள்ளைய எடுத்துத் தோள்ல போட்டுட்டு, செருப்புக்கூட மாட்டாம வாசலுக்குப் போயிருச்சு. மாப்பிள்ளைதான் செருப்பைக் கையில எடுத்துட்டுப் பின்னாடியே போனாரு. அன்னிக்குப் போனதுதான். ரெண்டு வருசம் ஓடிப் போச்சு, ஒரு ஃபோன் இல்லை. பேத்தி நடக்குதாம், பேசுதாம். இப்பத் தாண்டுனமே அன்னூரு, நீங்க கவனிச்சீங்களோ இல்லையோ, பஸ்ஸ்டாண்டுல நிக்கறப்ப நான் அந்தப் பக்கமாவே பாக்கலை. நடந்து போனா அஞ்சு நிமிசந்தான் அவங்க ஊடு. நான் உள்ளதைத்தானே சொன்னேன்? சொல்லுங்க.

அம்மிணியவே பாத்துட்டு இருக்கறீங்க.

நானுங்களா? நானும் ஆஸ்பத்திரிக்குத்தான். நீங்க எறங்கற அதே ஸ்டாப்புதான். வாயில, உள்கன்னத்துல ஒரு வெள்ளைப் புண்ணு, நாலு மாசமா ஆறலை. கம்பத்து மேல நிக்கறப்பப் பொகையிலை போட்டுப் பழகுனது. போன வாரம் காட்டுனேன். அதே டாக்டரம்மாதான், அவங்களுக்கு என்னைய அடையாளம் தெரியலை. சின்னதாத்தான் இருக்குது, வேற எங்கயும் போகலை, இப்பவே எடுத்துட்டா ஒண்ணுமில்லைன்னாங்க. சரிங்கம்மான்னுட்டேன். நாளைக்குக் காலையில ஆப்பரேசன்.

கத்தியா? அது... வாயில இருக்கறது வேறைங்க. இது வெளிய தெரியறது, சுளுவா எடுத்துருவாங்களாம். அவளுது உள்ளுக்குள்ள இருந்தது. ரெண்டும் ஒண்ணில்லை.

இந்தா, என்ற மடியில இருக்குதே, இது அந்தப் பைதான். துண்டு, டம்ளரு, ஃபிளாஸ்க்கு எல்லாம் அவ வெச்ச மாதிரியேதான் இருந்துச்சு. என்ற வேட்டியை மட்டும் மேல வெச்சுட்டுக் கெளம்பிட்டேன்.

சொந்தக்காரங்க ஒருத்தரு கையெழுத்துப் போடோணும்னு சொல்லிட்டாங்க. எனக்கு யாரு இருக்கறா? மாப்பிள்ளைக்கு ஃபோன் பண்ணுனேன். அவரு சித்த நேரம் கழிச்சுத் திருப்பிக் கூப்புட்டாரு. 'உங்க புள்ளை வருதுங்க மாமா. எத்தனை மணிக்கு, எங்க போடோணும்னு மட்டும் கேக்கச் சொல்லுச்சு'ன்னாரு. வேற எதுவும் சொல்லலையான்னேன். இல்லைங்க மாமா, அவ்வளவுதான்னாரு. எட்டு மணிக்கு வருது. வந்து போட்டுட்டுப் போயிருமாட்ட இருக்குது. பேசாதுன்னுதான் நெனைக்கறேன். பேத்தியைக் கூட்டிட்டு வருதான்னு கேக்கத் தோணலை எனக்கு.

சரவணம்பட்டி தாண்டிருச்சு. கவரை எடுத்துக்கங்க. அம்மிணியை எழுப்புங்க, உங்க துணிப்பையை அவங்களைத் தூக்க உடாதீங்க, நீங்க போயி வாங்கிக்கங்க.

நம்பருங்களா? ஆமா, தர்றேன்னு சொன்னேன்ல. பேனாதான் இல்லையே. நீங்க மொதல்ல அவங்களை எறக்குங்க.

என்னங்க கேட்டீங்க, நீங்க ஏன் இலை குடிக்கலைன்னா? குடிக்கலாமுங்க. கொல்லையில நான் வெச்ச மரம் இந்த வருசம் நல்லாத் தழைஞ்சு நிக்குது, வேணுங்கற மட்டும் பறிக்கலாம். ஆனா நாலு மணிக்கு எந்திரிச்சு அம்மியில அரைக்கறது, உப்பில்லாமத் தனியாக் கஞ்சி காச்சறதெல்லாம் லேசுப்பட்ட வேலையில்லைங்க தம்பி. ஒத்த ஆளா இருக்கற ஊட்டுல அதையெல்லாம் யாரு பண்றது? சவுந்திரம் இருந்திருந்தா அரைச்சுக் குடுத்திருப்பா.